எடைக்குப் போக இருந்த அப்பாவின் கட்டுகள்

அப்பா காலமாகி மூன்று வருசம் அவர் அறையை யாரும் சரியாகத் திறக்கவில்லை. கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். கடைசியில் அந்தக் கதவைத் திறக்க வைத்தது 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை என்பதெல்லாம் பிறகு செய்தியில் படித்தது. திருநெல்வேலி கைலாசபுரத்தில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது, தாமிரபரணி வாசல்படி ஏறி வந்தது மட்டும்தான்.

தண்ணீர் வடிந்து பார்த்தால், அப்பா மாணவர்களை வைத்துக் கிராமங்களில் எடுத்த கணக்குத் தாள்களைக் கட்டுக் கட்டாக வைத்திருந்த பீரோவின் கீழ் இரண்டு தட்டும் சேறு. "சவத்தை எடைக்குப் போடுட்டி" என்றாள் அம்மா. நானும் போட்டிருப்பேன். ஆனால் கங்கைகொண்டான் கதையை அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். 1918இல் அது நூலாக வந்தது. அதில் வந்த ஊர்களில் திருநெல்வேலிப் பக்கத்து நம்ம கங்கைகொண்டானும் ஒன்று. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களில் இன்னொரு சுற்று. "எப்பவாவது எவனாவது திரும்பக் கேட்டு வருவான், தாளைத் தூரப் போடாதீங்க" என்பார்.

முதல் நாள் நான் செய்தது தப்பு. கட்டுகளைப் பிரித்துத் தட்டட்டியில் வெயிலில் காயப்போட்டேன். தாள் அப்பளம் மாதிரி நெளிந்துபோனது. சென்னையில் ஓர் ஆய்வு நூலகத்துக்குப் போன் செய்தபோதுதான் சொன்னார்கள்: வெயில் ஆகாது, ஃபேன் காற்றில் நிழலில் உலர்த்துங்கள், இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாததைப் பூஞ்சை பிடிக்கும் முன் ஃப்ரீசரில் வையுங்கள். எங்கள் தெருவில் கரண்டே இல்லை. பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டு ஃப்ரீசருக்குள் விவசாயக் கடன் கணக்கு பாலிதீன் பையில் போய் உட்கார்ந்தது. மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐஸ்கிரீம் கேட்ட பிள்ளைகளிடம் மட்டும் "அத்தைட்ட கேளு" என்றாள்.

மை பேனாவில் எழுதிய கடிதங்கள் பாதி கரைந்துவிட்டன. பென்சிலில் நிரப்பிய ஷெட்யூல்கள், அதாவது வீட்டுக்கு வீடு கேட்டு நிரப்பிய கேள்விப் படிவங்கள், சேற்றைத் துடைத்ததும் அப்படியே இருந்தன. மாணவர்கள் கையில் அப்பா பென்சில் கொடுத்தது, தப்பாக எழுதினால் அழிப்பதற்கு. வெள்ளத்தை அவர் நினைத்திருக்க மாட்டார்.

நூலகத்துக்காரர்கள் அடுத்துச் சொன்னது எனக்கு விசித்திரமாகப் பட்டது. வகை பிரிக்காதீர்கள், அவர் கட்டிவைத்த வரிசையே ஒரு தகவல் என்றார்கள். அதனால் துருப்பிடித்த குண்டூசிகளை மட்டும் பிடுங்கினேன். கட்டுக்கு ஒரு எண், மேலே எழுதியிருந்த தலைப்பு, தோராயமாக எத்தனை தாள், அவ்வளவுதான் பட்டியல். நான் பெருமையாக நினைத்த அச்சுப் புத்தகங்களை வேண்டாம் என்றுவிட்டார்கள், அவை எங்கும் கிடைக்குமாம். கேட்டது ஷெட்யூல்கள், களக்குறிப்பு நோட்டுகள், கடிதங்கள், பஸ் டிக்கெட் ஒட்டிய செலவு நோட்டு. அதற்கு முன் உள்ளூரில் ஒரு கல்லூரியிலும் கேட்டுப் பார்த்தேன். "இடம் இல்லை" என்று ஒரே வரி.

கட்டுகளை அந்த நூலகத்துக்கே கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விசயத்தில் தயங்கினோம். ஒன்று கடிதம். அப்பாவுக்கு வந்த கடிதத் தாள் எங்களுடையதுதான், ஆனால் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு. ஆகவே படிக்கலாம், எழுதியவரோ அவருடைய வாரிசோ சம்மதிக்காமல் அச்சிட முடியாது என்று எழுதிக்கொண்டோம்.

இன்னொன்றுதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஷெட்யூலில் வீட்டுக்கு வீடு பெயர், சாதி, யாரிடம் எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்த நகை அடகில், எல்லாம் இருக்கிறது. ஒரு தாளில் தெரிந்த பெயர். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரின் தாத்தா. எங்கள் பக்கம் நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு போகம்; பிசானம் பொய்த்த வருசம் மாட்டை விற்று வட்டி கட்டியிருக்கிறார். மறுநாள் காலை பால் வாங்கும்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெயர் வெளியே வராது என்று அப்பா அந்த மனிதர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஷெட்யூலின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. அதனால் பெயருள்ள பக்கங்கள் 30 வருசம் மூடியிருக்க வேண்டும், அதற்கு முன் கேட்பவர்களுக்குப் பெயரை மறைத்த நகல் மட்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார்கள், அவர்களுக்கு இது புதிதில்லை போல. அம்மா, அண்ணன், நான் மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

வேன் வந்த அன்று அம்மா ஒரு கட்டை மட்டும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பட்டியலில் அந்த எண்ணை நான் அடித்துவிட்டேன். என்னவென்று கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து அந்தச் சென்னை நூலகத்திலிருந்து ஒரு பிள்ளை போன் செய்தாள். "மேடம், பதினாலாவது கட்டுல எல்லா அட்டவணையிலும் 'கா', 'பி'ன்னு ரெண்டு பத்தி இருக்கு. காசு, பிடித்தம்னு போட்டுரலாமா?" நான் வாயைத் திறக்கும் முன் உள்ளேயிருந்து அம்மா குரல்: "காரும் பிசானமும்ட்டி! என்ன படிச்சிருக்கா அவ?"

அன்று ராத்திரி உட்கார்ந்து சொற்பட்டியல் எழுத ஆரம்பித்தோம். நெல் அளக்கிற கோட்டை, மரக்கால், விளைச்சலைப் பங்கு போடுகிற வாரம், குத்தகை. நான் எழுத, அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.