முதிரை ஸ்டாண்டில் மூன்று கோடுகள்

எனக்குத் தொழில் பழைய தளபாடம் திருத்துவது. திருகோணமலையில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் டச்சுக்குடா. எந்த யன்னலைத் திறந்தாலும் உப்புக் காற்று. பித்தளைக் கீலை இரும்புத் திருகாணியால் பூட்டிய அலுமாரி எதுவானாலும் சில வருடங்களில் என் பட்டறைக்கு வந்தே தீரும். உப்பீரத்தில் பித்தளையும் இரும்பும் ஒட்டியிருந்தால் முதலில் சாவது இரும்பு.

போன வருடம் லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்து இறக்கியது அலுமாரி இல்லை. மரத்தாலான ஒரு ஸ்ரூடியோ கமரா. ஹாஃப் பிளேட் அளவு, அதாவது நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் நெகட்டிவ். கூடவே அதன் ஸ்டாண்ட்: இரண்டு தூண், நாலு சில்லு, ஏற்றி இறக்கப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. கொண்டுவந்த ஐயா எண்பதைத் தாண்டியவர். 1972இல் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியபோது ஸ்ரூடியோ வாசலில் வரிசை நின்றதாம். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. “சாப்பிட நேரமில்லை தம்பி” என்றுதான் சொன்னார்.

யாரும் முதலில் கமராவைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். பெல்லோஸ் என்கிற துருத்தியைச் சோதிக்க ஒரே வழி, இருட்டு அறையில் அதற்குள் ரோச் லைட்டை விட்டுப் பார்ப்பது. பதினேழு ஓட்டை. எல்லாம் மடிப்பு மூலைகளில். தடித்த ரெக்சின் துண்டுகளை வெட்டி ஒட்டினேன். ஓட்டை அடைபட்டது, ஆனால் துருத்தி மடங்க மறுத்தது. தடிப்பு இரண்டு மடங்கானால் மடிப்பு எப்படி மூடும்? எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டு, பழைய குடைச் சீலையை இரண்டு பட்டாகச் சைக்கிள் ரியூப் சொலூஷனில் ஒட்டினேன். அது காய்ந்த பிறகும் ரப்பர்போல வளையும். மூன்று இரவு போயிற்று.

படம் தெரிகிற பின்கண்ணாடி உடைந்திருந்தது. யன்னல் கண்ணாடியை அளவுக்கு வெட்டி, கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கண்ணாடியால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் கண்ணாடியின் தடிப்பளவுக்கு ஃபோகஸ் தவறிவிடும்.

ஷட்டர் காற்றில் வேலை செய்வது. ரப்பர் பந்தை அமுக்கினால் திறக்கும், விட்டால் மூடும். பந்து கல்லாகிக் கிடந்தது. பார்மசியில் பிரஷர் பார்க்கிற கருவியின் பந்து ஒன்று வாங்கினேன். ஷட்டர் திறந்தது, மூடவில்லை. அந்தப் பந்தில் காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற வால்வு இருக்கிறது. கொடுத்த காற்றைத் திருப்பி இழுக்காது. பிறகு காது கழுவுகிற பந்து வாங்கினேன். ஒரே வாய், வால்வு இல்லை. விலையும் குறைவு. பார்மசிக்காரர் என்ன வருத்தம் என்று கேட்டார். கமராவுக்குக் காது அடைப்பு என்றேன்.

லென்ஸை மட்டும் மினுக்க வேண்டாம் என்று ஐயா முன்பே சொல்லிவிட்டார். மினுக்கினால் பித்தளைக்கு மேலிருக்கிற பழைய லாக்கர் பூச்சுப் போய்விடும். 1840இல் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் வியன்னாவில் கணக்குப் போட்டு உண்டாக்கிய வகை லென்ஸ் அது. முழுசாகத் திறந்து எடுத்தால் கண் கூராக விழும், காது மங்கத் தொடங்கும்.

ஸ்டாண்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நான் என் பழக்கப்படி செய்தேன்.

கமரா வெளிநாட்டு மஹோகனி. ஸ்டாண்ட் அப்படியில்லை. ஓரத்தில் சீவிப் பார்த்தபோது வந்த வாசமே போதும், அது முதிரை. நம்முடைய பக்கத்து ஓடாவி யாரோ செய்தது. சேர்த்த இடமெல்லாம் மர ஆணி. கமராவைவிட இதுதான் நல்ல வேலை என்பது என் எண்ணம். பல்லுச்சில்லில் இறுகிக் கிடந்த கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தேன். துருப்பிடித்த திருகாணிகளின் தலையில் பத்தவைக்கிற கோலைச் சூடாக்கி வைத்துக் கழற்றினேன். அப்புறம் தூணைச் சாண்ட் பேப்பரால் மேலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தேன். அழுக்கேறிய ஒரு கீறல் வந்தது. தேய்த்தேன், போய்விட்டது. கொஞ்சம் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மூன்றாவது. அங்கேதான் கை நின்றது. தற்செயலான கீறல் இப்படி மட்டம் பிடித்து விழாது.

இரண்டு நாள் ஐயாவுக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், தேய்த்ததன் மேல் ஒரு கோட்டை நானே போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். மட்டம் தெரியாமல் எங்கே போடுவது? கடைசியில் போன் எடுத்தேன். மறுநாள் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூணை விரலால் தடவினார்.

“கீழ்க்கோடு சின்னப்பிள்ளைக்கு. நடுக்கோடு முக்காலியில இருக்கிற ஆளுக்கு.”

“மேல்கோடு?”

“கலியாணச் சோடி நிக்கிறதுக்கு. அது பிழைக்கோடு தம்பி. எனக்கு முதல் இருந்தவர் போட்டது. அந்த உயரத்தில வைச்சால் பொம்பிளைக்கு நெத்திதான் பெருக்கும். நான் ரெண்டு விரல் கீழதான் வைப்பன்.”

“அப்ப ஏன் அழிக்கேல்லை?”

“அவர் இருக்கேக்க எப்படி அழிக்கிறது?”

மற்ற இரண்டையும் தொடவில்லை. அந்தத் தூணில் மேலே ஒரு சாண் அளவு மட்டும் இப்போதும் வெளிறித் தெரிகிறது. பொலிஷ் அடித்து மறைக்கலாம்தான், செய்யவில்லை.

சோதனைப் படத்துக்கு எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போட்டோம். அது சிவப்பு வெளிச்சத்தை அறியாது, அதனால் சிவப்பு பல்பின் கீழ் பார்த்துப் பார்த்துக் கழுவலாம். இரண்டு பக்கமும் மருந்து பூசியது, நகம் பட்டாலே கீறும். ஐயா என்னை முக்காலியில் இருத்தினார். கைப்பிடியைச் சுற்றி நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கோட்டை விட்டு அரைச்சுற்றுக் கீழே இறக்கினார்.

எனக்குக் கழுத்துக் கட்டையாம்.