எம்பிஓ கனெக்டர் சாப்டரை எப்படிப் படிக்கலாம்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு ஃபைபர் டெக்னீஷியன் எக்ஸாமுக்கு ரெடியாகுற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதறேன். பாலக்காட்டுல கிளாஸ் மலையாளத்துல ஓடும், மெட்டீரியல் இங்கிலீஷ்ல இருக்கும், நாம யோசிக்கறது தமிழ்ல, அதனால மல்டி ஃபைபர் சாப்டர் வந்ததும் பாதிப்பேர் டேபிளை அப்படியே மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சுர்றாங்க. அது வேண்டாங்க, எம்பிஓன்னா ஒரே கனெக்டர்ல நிறைய ஃபைபரைச் சேக்கற வகை, லேப்ல ஒரு எம்பிஓ பேட்ச் கார்டு (ரெண்டு முனையிலயும் கனெக்டர் இருக்கற சின்ன கேபிள்) கேட்டு வாங்கி கனெக்டர் மூஞ்சியைத் திருப்பிப் பாருங்க.

எல்சி, எஸ்சி மாதிரி சாதா கனெக்டர்ல ஒரு ஃபெரூலுக்கு (ஃபைபர் நுனியைப் பிடிச்சு நிறுத்தற பாகம்) ஒரு ஃபைபர்தான். எம்பிஓல சின்ன செவ்வக ஃபெரூல்ல 12 ஃபைபர், 0.25 மிமீ இடைவெளியில வரிசையா நிக்கும். ரெண்டு ஓரத்துலயும் ஊசி மாதிரி பின் இருந்தா அது ஆண் (மேல்) கனெக்டர், வெறும் ஓட்டை இருந்தா பெண் (ஃபீமேல்). ட்ரான்சீவருக்குள்ள (ஒளி சிக்னலை அனுப்பி வாங்கற கருவி) பின் இருக்கும், அதனால அதுல சொருகுற கேபிள் ஃபீமேலாத்தான் இருக்கணும், இது அடிக்கடி கேக்கற கேள்வி. எம்டிபி தனி வகை இல்லைங்க, யுஎஸ் கோனெக் கம்பெனியோட பிராண்டு, சாதா எம்பிஓவோட நல்லாவே சேரும்.

24 ஃபைபர்ல 12, 12ஆ ரெண்டு வரிசை. வெளி அளவு 12 மாதிரியேதான், அதனால ரெண்டையும் சேத்தா க்ளிக்குனு உக்காந்துரும், ஆனா ஃபைபர் நேருக்கு நேர் வராது. 16ல அந்தப் பிரச்சினையே இல்ல, கீ (சரியான பக்கமா சொருக வைக்கற மேடு) ஓரமாத் தள்ளி இருக்கும், பின்னோட தடிமனும் 0.7க்கு பதிலா 0.55 மிமீ, 12ஓட சேரவே சேராது.

பொலாரிட்டிக்குத்தான், அதாவது இந்த முனையோட எந்த ஃபைபர் அந்த முனையில எங்க போகுதுங்கறதுக்குத்தான், நேரம் குடுக்கணும். நோட்டுல இந்தப்பக்கம் 1லருந்து 12, அந்தப்பக்கம் 1லருந்து 12 போட்டுக் கோடு இழுங்க. கேபிள்ல மூணு டைப், டைப் ஏ நேரா போகும், 1க்கு 1. டைப் பில தலைகீழ், 1க்கு 12. டைப் சில ஜோடி ஜோடியா மாறும், 1க்கு 2, 2க்கு 1. இப்ப 40ஜி எஸ்ஆர்4ங்கற ட்ரான்சீவரை எடுத்துக்கங்க, 1லருந்து 4 வரைக்கும் அனுப்பும், 9லருந்து 12 வரைக்கும் வாங்கும், நடுவுல நாலு சும்மா கெடக்கும். ட்ரான்சீவருக்கு ட்ரான்சீவர் டைப் ஏ போட்டா அனுப்பறதும் அனுப்பறதும் முட்டிக்கும், லிங்க் வராது, டைப் பி போட்டா 1 போய் 12ல எறங்கும், அது வாங்கற இடம், அவ்ளோதான் விஷயம். இந்தக் கோடு கைக்கு வந்துட்டா எந்தப் பாஷைல கேட்டாலும் எழுதிரலாம். கனெக்டர் பக்கத்துல இருக்கற வெள்ளைப் புள்ளிதான் 1ஆம் ஃபைபர் பக்கம், பிராக்டிகல்ல மொதல்ல அதைத் தேடுங்க.

சிங்கிள் மோடு (ஒளி ஒரே பாதையில போற ஃபைபர்) கனெக்டர்ல மூஞ்சி 8 டிகிரி சாஞ்சிருக்கும், மல்டிமோடுல (ஒளி பல பாதையில போறது) பெரும்பாலும் சமமா இருக்கும், சாஞ்சதையும் சமத்தையும் சேக்கவே கூடாது. எம்எம்சி, எஸ்என்-எம்டினு இன்னும் சின்ன சைஸ்ல புதுக் கனெக்டர் வந்திருக்கு, குறைஞ்ச இடத்துல நிறைய ஃபைபர் கொண்டுபோகறதுக்கு, இப்போதைக்கு பேரும் காரணமும் தெரிஞ்சிருந்தாப் போதும்.