தராசு முள்

பவானிசாகர் அணைக்கரையில் மீன் எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். விடிகாலையிலேயே பரிசல்கள் கரை சேர்ந்துவிடும். இருளர் பழங்குடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் அப்பாவோடு வருவான். பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்.

வலையிலிருந்து ஜிலேபி மீன் எடுப்பதை அவனிடம்தான் பார்க்க வேண்டும். முதுகு முள் குத்தினால் விரல் நாள் முழுக்கக் கடுக்கும். அவன் தலையிலிருந்து வால் பக்கமாக உள்ளங்கையால் தடவி முள்ளைப் படியவைத்து, செவுளில் மாட்டிய நூலை நோகாமல் கழற்றுவான். ரோகு, கட்லா குஞ்சுகள் உயிரோடு சிக்கினால் தண்ணீரிலேயே விட்டுவிடுவான்.

கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கினால், அணைக்குள் மூழ்கிய டணாயக்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும். 105 அடி வரை தண்ணீர் ஏறும் அணை அது. நிறைந்திருக்கும்போதும் கோயில் கல் எங்கே வலையைக் கிழிக்கும் என்று, எதிரே தெரியும் குன்றை வைத்தே சொல்லிவிடுவான். தாத்தா சொல்லித்தந்த அடையாளமாம்.

நான் அவனுக்குத் தராசு பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான்.

அங்கே கூடைக்கு ஒரு கிலோ ‘தண்ணிக் கழிவு’ என்று பிடிப்பார்கள். நானும் கழித்துத்தான் எழுதினேன். ஒருநாள் கேட்டான்: “ஏனுங்ண்ணா, முள்ளு பன்னண்டுல நிக்குதுங்க. பதினொண்ணுன்னு எழுதறீங்க?” கோபமே இல்லை. மீனில் இருக்கிற ஈரத்துக்கு என்றேன். மறுநாள் கூடையைக் கல்மேல் சாய்த்துவைத்து, சொட்டு நின்ற பிறகுதான் தூக்கிவந்தான். அன்றைக்கும் ஒரு கிலோ கழித்தேன். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

காட்டை நம்பி வாழ்பவர்கள் நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது. பிடித்து வந்த மீனின் எடையோ என் பேனாவில் இருந்தது.

அப்புறம் அவர்கள் கூடைக்கு மட்டும் முழு எடை எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதையும் கவனித்துவிட்டான். “சித்தப்பன் கூடைக்கு மட்டும் ஏனுங்ண்ணா கொறையுது?” என்றான். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் அவனை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பா மட்டும் வந்தார். வந்ததும் கூடையை அதே கல்மேல் சாய்த்துவைத்துவிட்டு, பக்கத்தில் குத்தவைத்துக் காத்திருப்பார்.