ஒன்பதாம் கட்டிலில் சுராங்கனி

பெப்ரவரி 26

இன்று அப்பா பாடினார். பேசவில்லை, பாடினார்.

பெப்ரவரி 27

சொற்களை அடுக்கும் வேலையைப் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கமே செய்கிறது என்றும், அங்கே இரத்தம் தடைப்பட்ட சிலருக்குப் பேச்சு போன பிறகும் பழகிய பாட்டு மெட்டோடும் சொல்லோடும் எஞ்சியிருக்கும் என்றும் பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டபோது, தேவாரம் என்று சொல்லும்படி பெரியப்பா எனக்குக் கண் காட்டினார். மறைத்து என்ன பயன்? இலங்கைப் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை அப்பா பாடியதை வாட்டு முழுவதும் கேட்டிருந்தது.

பெப்ரவரி 28

தண்ணீர்க் குவளையைக் காட்டி அதன் பெயரைச் சொல்லும்படி கேட்டோம். அப்பா வெகுநேரம் முயன்று, கடைசியில் "மாலு" என்றார். இரவு முறைக்கு வந்திருந்த சிங்களத் தாதி சிரித்துவிட்டு, "மாலு ஓனேத, சீயா?" என்று அன்பாகக் கேட்டார், சாப்பாட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசியறியாத ஒருவருக்கு, திரும்பி வந்த முதற்சொல் மீனுக்கான சிங்களச் சொல்லாக இருக்கிறது. சென்னையில் வளர்ந்த என் மைத்துனன், சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்ததாகச் சொல்லும் அந்த 'மாலு கெனாவா'வை 'மாலு, கண்ணா வா' என்றே இத்தனை காலமும் பாடிவந்தான். மாலு என்பது அவளுடைய தங்கையின் பெயர் என்று நினைத்தானாம்.

மார்ச் 2

விடிய மூன்று மணி வரை கைப்பேசியில் சுராங்கனிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடியது ஒன்று. இளையராஜா இசையில், 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடியது இன்னொன்று. அதன் பிறகு கல்யாண வீட்டு வாத்தியக் குழுக்கள், கல்லூரி மேடைகள், யாரோ ஒருவருடைய கிற்றார், யாரோ ஒருவருடைய மாடி வீடு என்று எண்ணிக்கை கைவிட்டுப் போயிற்று. தமிழ்நாட்டில் மனோகரனைச் 'சிலோன் மனோகர்' என்று அழைத்து, படங்களில் வில்லனாகவும் ஆக்கிக்கொண்டார்கள். இங்கே அவர் 'வாடைக்காற்று' படத்தில் நடித்தவர், பொப்பிசைச் சக்கரவர்த்தி. 2018 ஜனவரி 22 அன்று அவர் சென்னையில் காலமான செய்தி வந்தபோது, அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. படத்தில் வந்த பாட்டை மட்டும் அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. எங்களுடைய பாட்டைக் கொண்டுபோய்ச் சலவை செய்து எங்களுக்கே திருப்பி விற்கிறார்கள் என்பார். மூலப் பாட்டின் இசைத்தட்டு அவரிடம் இருந்தது. 83 கலவரத்தில் வீட்டோடு போயிற்று.

மார்ச் 3

பாடவில்லை.

மார்ச் 5

இன்றும் பாடவில்லை. பெரியப்பா, அவரைத் தூண்டிவிடும் எண்ணத்தில், "மனோகரன்ர மற்றப் பாட்டைப் பாடு, சின்ன மாமியே" என்றார். அப்பாவின் முகம் சிவந்தது. இடக்கையால் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தார். பெரியப்பா பயந்துபோய் மருந்து மாறிவிட்டதோ என்று தாதியிடம் ஓடினார். எனக்குக் காரணம் தெரியும். 'சின்ன மாமியே' நித்தி கனகரத்தினத்தின் பாட்டு. அதை மனோகரனின் கணக்கில் எழுதுபவர்களை அப்பா திருமண விருந்தில்கூட விட்டுவைத்ததில்லை. சொல் இல்லாமலும் அந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டார் என்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வைத்தியரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மார்ச் 7

கம்பியில் அவர் தட்டுவதை எண்ணினேன். ஆறு. மறுபடியும் ஆறு. இதுதான் பைலா என்னும் ஆட்டப் பாட்டின் நடை: போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இந்தக் கரைக்கு வந்து, கஃப்ரிஞ்ஞா என்னும் ஆட்டமாகச் சுழன்று, பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன் போன்றவர்களின் வாயால் சிங்களப் பாட்டாகி, அங்கிருந்து தமிழ்ப் பொப்பிசைக்குள்ளும் புகுந்த நடை. வலக்கை இன்னும் அசையவில்லை.

மார்ச் 9

இதை எழுதிவைக்கத்தான் வேண்டும். கைப்பேசியில் பதிவுசெய்து பலமுறை கேட்டேன். அப்பா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறார். மூச்சு வாங்குவதற்காகவோ சொல் மறந்தோ அல்ல, ஏனென்றால் நிறுத்திய நேரத்திலும் விரல் தவறாமல் ஆறு தட்டுகிறது. பிறகு சரியான இடத்தில் மீண்டும் சேர்ந்துகொள்கிறார். ஒருவர் இன்னொருவருக்கு வழிவிடும் விதம் அது. தனி ஆளாகப் பாடுகிறவருக்கு அந்த இடைவெளி எதற்கு? அவர் பாடிக்கொண்டிருப்பது மனோகரனுடைய பாட்டுத்தானா, அல்லது நாற்பது வருடங்களாகத் திட்டித்தீர்த்த அந்த இருவர் பாட்டா?

மார்ச் 10

அம்மாவிடம் பதிவைப் போட்டுக் காட்டி, அந்த இடத்தில் அப்பா யாருக்காக நிறுத்துகிறார் என்று கேட்டேன். "உனக்கு வேற வேலை இல்லையோ தம்பி, அரிசியைக் களைஞ்சு வை" என்றார். அரிசி ஏற்கெனவே உலையில் கொதித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 11

பயிற்சியாளர், பாட்டின் மெட்டிலேயே 'தண்ணி வேணும்' என்று பாடிக் காட்டும்படி சொன்னார். எனக்குக் குரல் இல்லை, இருந்தும் பாடினேன். "தண்ணி கெனாவா" என்றார் அப்பா. அரைவாசி வெற்றி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 13

பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் போட்டிக்காகக் கொடிகளைக் கட்டிய லொறி ஒன்று, பின்னேரம் வாட்டுக்குக் கீழே உள்ள வீதியில் நெரிசலில் சிக்கி நின்றது. பப்பரே வாத்தியக்காரர்கள் ஒவ்வொரு பாட்டாக ஊதிவிட்டு இதற்கு வந்தார்கள். அப்பா கண்ணை மூடியபடியே சேர்ந்துகொண்டார், விரலும் சேர்ந்தது, வழக்கமான இடம் வந்ததும் நிறுத்திக் காத்திருந்தார். எக்காளம் காத்திருக்கவில்லை. லொறி நகர்ந்தது. சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் வாசலுக்கு வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே