ஒரு லீவர் ரைஃபிளுக்காகப் பதினான்கு மாதம்

இங்கிலாந்தில் சாதாரண ஆள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே கைத்துப்பாக்கியின் தோட்டாவைச் சுடுகிற ரைஃபிளை, முறைப்படி உரிமம் வாங்கினால், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்த விசித்திரம் எனக்குத் தெரியவந்தது 2022 கோடையில். அலுவலக நண்பர் ஒருவர் தன் துப்பாக்கி கிளப்பின் விருந்தினர் நாளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அதுவரை என் துப்பாக்கி அனுபவமெல்லாம் மதுரை சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி.

அன்று என் கையில் கொடுத்தது .357 மேக்னம் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் லீவர் ரைஃபிள். இங்கே கிளப்காரர்கள் அதை ‘அண்டர்லீவர்’ என்பார்கள். விசையைச் சுற்றியிருக்கும் நீண்ட வளையத்தில் விரல்களை நுழைத்து முன்னால் தள்ளினால் சுட்ட கூடு எகிறி விழும், சுத்தியல் பின்னால் சாயும். இழுத்து மூடினால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். அந்த ‘சளக் சளக்’ சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். பத்துத் தோட்டா தீர்வதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

தேநீர் நேரத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் உறுப்பினர் கதையைச் சொன்னார். 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பின், தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பெரிய ரக ரைஃபிள்களை 1988 சட்டம் தடை செய்தது. 1996 மார்ச்சில் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகளும் போயின. அவருடைய ரிவால்வர்களையும் அப்போது ஒப்படைத்திருக்கிறார். “சரியான சட்டமா என்று என்னைக் கேட்காதே. அந்தக் குழந்தைகளின் வயதில் எனக்குப் பேத்தி இருந்தாள்” என்றார். லீவர் ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் ஏற்ற வேண்டும், நீளத்திலும் சட்டம் கேட்கும் அளவைத் தாண்டிவிடும். அதனால் இரண்டு தடைகளிலும் சிக்காமல் தப்பியது. கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சுட்டவர்கள் பலர் அதே தோட்டாவோடு இதற்கு மாறிக்கொண்டார்கள். ‘கேலரி ரைஃபிள்’ என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். 25 மீட்டர், 50 மீட்டர் தூரங்களில் சுடுவது வழக்கம். சர்ரேயில் உள்ள பிஸ்லி மைதானத்தில் பெரிய போட்டிகள் நடக்கும்.

அமெரிக்காவில் இது பிறந்த காரணமே வேறு. வின்செஸ்டர் 1873 ரைஃபிளின் .44-40 தோட்டாவுக்கே கோல்ட் நிறுவனம் சில ஆண்டுகளில் ரிவால்வரும் செய்து விற்றது. காட்டிலும் மேட்டிலும் அலைகிறவனுக்கு இடுப்புக்கும் தோளுக்கும் ஒரே தோட்டா இருந்தால் சுமை மிச்சம். இங்கே இரண்டில் ஒன்றைச் சட்டம் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய மற்றொன்று இது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த செப்டம்பரில் கிளப்பில் தகுதிகாண் உறுப்பினராகச் சேர்ந்தேன். உள்துறை அங்கீகரித்த கிளப்பாக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காக வர வேண்டும். நடுவில் நான் ஊருக்குப் போய் வந்ததில் எனக்கு ஐந்து மாதம் ஆனது. இந்தக் காலத்தில் சுடுவதைவிட அதிகம் கற்றுக்கொண்டது துப்பாக்கியைக் கீழே வைப்பதைத்தான். காலியா என்று காட்டு, பக்கத்து ஆளும் பார்க்கட்டும், அப்புறம் வை. முதல் மாதம் இது சடங்கு மாதிரித் தெரிந்தது. ஒரு நாள் காலி என்று நான் நினைத்த ரைஃபிளின் குழலிலிருந்து ஒரு தோட்டா வெளியே வந்தது. அதற்குப் பிறகு அதைச் சடங்கு என்று நினைத்ததில்லை.

2023 மார்ச்சில் காவல்துறைக்கு விண்ணப்பம் போட்டேன். அப்போது கட்டணம் 88 பவுண்டு. 2025 பிப்ரவரியில் 198 ஆக்கிவிட்டார்கள். குறைந்தது இரண்டு ஆண்டு பழக்கமுள்ள, உறவினரல்லாத இரண்டு பேர் நமக்காக உத்தரவாதம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் அலுவலக நண்பரும் ஒப்புக்கொண்டார்கள்.

கனமான கேள்வி உடல்நலப் பகுதியில் இருந்தது. அப்பா இறந்த வருடம் இரண்டு மாதம் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மருத்துவரிடமிருந்தும் தனியாக ஒரு தாள் போகும் என்பதால் மறைப்பதில் அர்த்தமில்லை, மறைத்தது தெரிந்தால் அதற்காகவே நிராகரிப்பார்கள் என்று கிளப் செயலாளர் சொன்னார். எழுதினேன். அந்தத் தாளை வாங்குவதற்குத்தான் மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு எட்டு வாரம் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு புது முகம், ஒவ்வொரு முகத்துக்கும் முதலிலிருந்து விளக்கம்.

ஆகஸ்ட்டில் காவல்துறை அலுவலர் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை, கையில் ஒரு கோப்பு. துப்பாக்கிக்கான எஃகு அலமாரி பி.எஸ். 7558 என்ற பிரிட்டிஷ் தரத்தில் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அதை முதலில் அடித்த சுவர் வெறும் பிளாஸ்டர் பலகை. நண்பர் பார்த்துவிட்டு, “சுவரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்” என்று சிரித்தார். கழற்றி, புகைபோக்கி ஓரத்துச் செங்கல் சுவரில் நான்கு போல்ட் போட்டேன். அலுவலர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

அப்புறம் பேச்சு. மாத்திரை சாப்பிட்ட காலத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அப்பா எப்படிப் போனார் என்று கேட்டார், அதையும் சொன்னேன். குறிப்பு எடுப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் மனைவியிடம் தனியாகப் பேசினார். கடைசியில் சாவியைப் பற்றிச் சொன்னார்: அது எங்கே இருக்கிறது என்று உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், மனைவிக்கும் தெரியக் கூடாது. இதற்குள் இவள், “என்னங்க, அதான் சாமி அலமாரிக்குப் பின்னாடி இடம் இருக்குல்ல?” என்றாள், நல்லவேளை தமிழில். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, “அப்படியானால் அந்த இடம் இனி ஆகாது” என்றார். வேறு இடம் கண்டுபிடித்தேன்.

செப்டம்பரில் உரிமம் தபாலில் வந்தது. ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இன்ன ரகத் துப்பாக்கி ஒன்று, இன்ன தோட்டா இத்தனை வரை என்று அச்சிட்டிருக்கும். இங்கேதான் என் முட்டாள்தனம் வெளிப்பட்டது. தோட்டாக் கட்டத்தில் நான் .357 என்று மட்டும் எழுதியிருந்தேன், அவர்களும் அதையே அச்சடித்திருந்தார்கள்.

.357 மேக்னம் 1935-இல் வந்தது. அதற்கு முன்பிருந்த .38 ஸ்பெஷலின் கூட்டைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீட்டியதுதான் அது. குண்டின் விட்டம் ஒன்றே. அதனால் .357 ரைஃபிளில் .38-ஐயும் சுடலாம். உதை குறைவு, விலையும் குறைவு. கிளப்பில் பெரும்பாலும் ஓடுவது .38தான். மேக்னம் தோட்டா ரிவால்வரில் நொடிக்கு 1,200 அடி வேகத்தில் போனால், ரைஃபிளின் நீண்ட குழலில் 1,800 அடியை நெருங்கும். எங்கள் 25 மீட்டர் உள்ளரங்கில் அந்த வேகத்துக்கு அனுமதி இல்லை. என் உரிமத்திலோ .38 வாங்க இடமில்லை. ஆக, ரைஃபிள் வாங்கலாம், ஆனால் மழைக்காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கலாம். “.38/.357 என்று போடு என்று நான் சொல்லவே இல்லையா?” என்று செயலாளர் தலையில் கை வைத்தார். சொல்லியிருப்பார், நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

ரைஃபிளை அந்த வாரமே வாங்கினேன். பிரேசிலின் ரோஸ்ஸி, ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892-இன் நகல், இன்னொருவர் பயன்படுத்தியது. இத்தாலியின் ஊபெர்ட்டி செய்யும் 1873 பக்கத்திலேயே பளபளவென்று நின்றது. விலை இரண்டு மடங்குக்கு மேல். வியாபாரி உரிமத்தில் வரிசை எண்ணை மையால் எழுதிக் கொடுத்தார். ஏழு நாளுக்குள் நானும் காவல்துறைக்குத் தெரிவித்தேன். கையோடு உரிமத்தைத் திருத்தத்துக்கு அனுப்பினேன். அது திரும்பி வர நவம்பர் ஆகிவிட்டது.

திருத்திய தாள் வந்த வாரம் .38 இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பெட்டி ‘வாட்கட்டர்’ எடுத்திருந்தேன். குண்டு கூட்டின் விளிம்போடு முடிந்துவிடும் மொட்டைத் தோட்டா, ரிவால்வருக்கென்றே செய்தது. மூன்றாவதிலேயே ரைஃபிள் சிக்கி நின்றது. முதல் நாள் தேநீர் நேரத்தில் கதை சொன்ன பெரியவர் வந்து பார்த்தார். “இதற்கு மூக்கு வேண்டும், ஆனால் கூர்மூக்கு ஆகாது” என்றார். இந்த ரைஃபிளில் குழலுக்குக் கீழே இருக்கும் குழாயில்தான் தோட்டாக்கள் வரிசையாக ஒன்றின் பின் ஒன்று நிற்கும். கூரான முனை முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரில், அதாவது அடிப்பக்கம் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடியில், குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் தட்டையான மூக்குத்தான் கணக்கு. மற்ற பெட்டி அந்த ரகம். பக்கவாட்டு வாயில் வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் தோல் உரிந்தது. ஆனால் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ் வீட்டுக்கு வந்ததை மட்டும் இரண்டு முறை கேட்டாள். பிறகு, “அதெல்லாம் இருக்கட்டும். எத்தனை பலூன்டா உடைச்ச?”