கேன்சர் மேப்புல அடர் கலர்

ரெண்டு நாளா ராத்திரி உக்காந்து எந்த நாட்டுல எவ்வளவு கேன்சர்னு கலர்ல காட்டற உலக மேப்பையே நோண்டிட்டு இருக்கேன். மொதல்ல பாத்தப்ப ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டென்மார்க் எல்லாம் அடர் கலர், ஆப்பிரிக்கால பாதி நாடு வெளுத்துப் போய் கிடக்கு, சரி அங்கல்லாம் கேன்சர் கம்மி போலன்னு நெனச்சுட்டேன். பக்கத்துலயே சாவு கணக்கோட மேப்ப தொறந்து வெச்சப்பதான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துது, நோய் கணக்கும் சாவு கணக்கும் ஒத்தே போகல.

மார்பக கேன்சரையே எடுத்துக்கோங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2022 கணக்குப்படி நல்லா வளர்ந்த நாடுகள்ல 12 பொம்பளைங்கள்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல அது வருது, சாகறது 71ல ஒருத்தர். ரொம்ப பின்தங்கின நாடுகள்ல 27ல ஒருத்தருக்குதான் இருக்குன்னு தெரியவருது, ஆனா சாகறது 48ல ஒருத்தர். வகுத்துப் பாருங்க, நோய் வந்தவங்கள்ல வளர்ந்த நாடுகள்ல ஆறுல ஒருத்தர் போறாங்க, பின்தங்கின நாடுகள்ல பாதிக்கு மேல.

தென் கொரியா கதை இதுக்கு நேர் எதிர். 1999ல அரசாங்கம் கேன்சர் ஸ்க்ரீனிங் ஆரம்பிச்சுது, அதோட சேத்து கொஞ்சம் காசு கொடுத்தா கழுத்துலயும் ஒரு ஸ்கேன் எடுத்துடுவாங்க, 2011ல பாத்தா தைராய்டு கேன்சர் 1993ல இருந்தத விட 15 மடங்கு! சாவு மட்டும் அப்படியேதான் இருந்துது, அதாவது நோய் கூடல, தேடித் தேடி கண்டுபிடிச்சதுதான் கூடிச்சு. 2014ல டாக்டர்ங்களே வெளிய வந்து இந்த ஸ்கேன் தேவையில்லன்னு சொன்னப்புறம்தான் தைராய்டு ஆபரேஷன் மளமளன்னு குறைஞ்சுது.

அதுக்காக ஊருக்கும் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லல. துருக்கில கப்படோக்கியா பக்கம் காராயின், துஸ்கோய்னு கிராமங்க, அங்க பாறையிலயே எரியோனைட்டுன்னு ஊசி ஊசியா ஒரு கனிமம், அந்தக் கல்ல வெட்டித்தான் வீடே கட்டினாங்க, நுரையீரல சுத்தி இருக்கற சவ்வுல கேன்சர் வந்து குடும்பம் குடும்பமா போனாங்க. ஊர விட்டுப் போனவங்களையும் அது விடல. ஆனா ஜப்பான்ல இருந்து ஹவாய்க்கு குடியேறினவங்களுக்கு வயித்து கேன்சர் தலைமுறைக்கு தலைமுறை குறைஞ்சு, பெருங்குடல் கேன்சர் ஏறிச்சு.

சின்ன ஊர் மேப்ப மட்டும் நான் நம்பறதில்ல, ஆயிரம் பேர் இருக்கற ஊர்ல ஒரு வருஷம் நாலு பேருக்கு வந்தா ரத்தச் சிவப்பு, அடுத்த வருஷம் யாருக்கும் வரலன்னா வெள்ளை.

இன்னொண்ணு நேத்துதான் கண்ணுல பட்டுது. கேன்சர் பதிவேடே இல்லாத நாட்டுக்கு அக்கம்பக்கத்து நாட்டு கணக்க வெச்சு மதிப்பு போட்டு கலர் அடிச்சுடறாங்க, நான் ரெண்டு நாளா மொறச்சு பாத்துட்டு இருந்த வெளுத்த கலர்ல பாதி அப்படி வந்ததா இருக்கும்.