எக்ஸ்பி சிடிக்குள்ள சாட்டா டிரைவர் ஏத்துன அனுபவம்: நல்ல ஹார்ட் டிஸ்க்கை தூக்கி போட்டுடாதீங்க

ஒருவழியா சித்தப்பாவோட லேப்டாப்ல விண்டோஸ் எக்ஸ்பி ஏறிடுச்சுங்க. ஏறின சந்தோஷத்தை விட கோவம்தான் இன்னும் ஜாஸ்தியா இருக்கு, ஏன்னா ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டற ஒரு டிரைவர் ஃபைல் இல்லாததுக்கு "ஹார்ட் டிஸ்க் டெட், புதுசு போடணும்"னு சொல்லி காசு வாங்க பார்த்தாங்க. புது டிஸ்க் போட்டிருந்தாலும் செட்டப்பை நிறுத்தற அதே நீல எரர் ஸ்கிரீன்தான் வந்திருக்கும். பழைய சாஃப்ட்வேருக்காக இன்னும் எக்ஸ்பியை விட முடியாம மாட்டிக்கிட்டு இருக்கற பட்டறைங்க, லேப், பிரஸ் எல்லாம் நிறைய இருக்கு, அவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

எங்க சித்தப்பா கோயமுத்தூர் கணபதில ஒயர் கட் மிஷின் (மின்சாரம் பாயற மெல்லிசு ஒயரால இரும்பை வெட்டறது) ஓட்டறார், பஞ்ச், டை வெட்டி குடுக்கற ஜாப் ஒர்க். ப்ரோக்ராம் போடற சாஃப்ட்வேரும் அதோட டாங்கிளும் (கம்ப்யூட்டர்ல சொருகி வைக்கற லைசென்ஸ் சாவி) எக்ஸ்பியை தாண்டி எதுலயும் ஓடாது, புது வெர்ஷன் வாங்கணும்னா அவர் சொல்ற தொகைக்கு இன்னொரு மிஷினே வாங்கலாம். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே எக்ஸ்பிக்கு சப்போர்ட்டை நிறுத்திட்டாங்கங்கறதெல்லாம் அவருக்கும் தெரியும், நெட் கனெக்‌ஷன் குடுக்காமத்தான் வச்சிருக்கார். பழைய பிசில மதர்போர்டு போயிடுச்சு. வர்ச்சுவல் மிஷின்ல (வேற பிசிக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடற கம்ப்யூட்டர்) போட்டு பார்த்தோம், டாங்கிளை எடுத்துக்குச்சு, ஆனா சீரியல் கேபிள் வழியா ப்ரோக்ராம் போயிட்டு இருக்கும்போதே லைன் கட்டாயிடுது, பாதி வெட்டுன டையை வச்சுக்கிட்டு பார்ட்டிக்கு என்ன பதில் சொல்றது. அதனால ஒரு 2008 மாடல் செகண்ட்ஸ் லேப்டாப் வாங்கினோம், உள்ள டிஸ்க்கை இணைக்கற சிப் இன்டெல் ஐசிஹெச்9எம் (ICH9M). ஒரிஜினல் எக்ஸ்பி சிடியும் கைல இருக்கு, அப்புறம் என்னன்னு சிடியை போட்டா, எல்லா டிரைவர் பேரும் கீழ வரிசையா ஓடி, "செட்டப் ஈஸ் ஸ்டார்ட்டிங் விண்டோஸ்"னு வந்து, அடுத்த செகண்டு நீல ஸ்கிரீன், 7பி எரர்.

இந்த 7பி வந்தாலே டிஸ்க் போச்சுன்னு முடிவு பண்றவங்ககிட்ட லேப்டாப்பை குடுக்காதீங்க. அந்த எரரோட அர்த்தமே விண்டோஸால பூட் ஆகற டிஸ்க்கை தொட முடியலைங்கறதுதான். எக்ஸ்பி வந்தது 2001ல, ஏஹெச்சிஐ (AHCI)ங்கற மோட்ல ஓடற சாட்டா கண்ட்ரோலருக்கு, அதாவது ஹார்ட் டிஸ்க்கை இணைக்கற சிப்புக்கு, அதுக்குள்ள டிரைவரே கிடையாது, 2008ல வந்த சர்வீஸ் பேக் 3 அப்டேட்லயும் சேர்க்கல. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டால இருந்துதான் கூடவே வருது. சில சிஸ்டத்துல நீல ஸ்கிரீனுக்கு பதிலா "ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை"ன்னு செட்டப்பே சொல்லி நின்னுடும், ரெண்டுக்கும் காரணம் ஒன்னுதான். பயாஸ்ல (விண்டோஸ் வரதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் ஸ்கிரீன்) சாட்டா மோடை ஐடிஇங்கற பழைய மோட் இல்லைன்னா கம்பாட்டிபிளிட்டின்னு மாத்தற ஆப்ஷன் இருந்தா முதல்ல அதை மாத்தி பாருங்க, அதோட கதை முடிஞ்சுது, இதுக்கு மேல படிக்கவே வேண்டாம். இந்த லேப்டாப் பயாஸ்ல தேதி, பூட் ஆர்டர், பாஸ்வேர்டு, அவ்ளோதான். அந்த காலத்து வீட்டு யூஸ் லேப்டாப் பலதுல இதே நிலைமைதான்.

நான் ஊர்ல இல்லாத நேரத்துல சித்தப்பா பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டு போயிட்டார். அவங்கதான் டிஸ்க் டெட்னு சொன்னது. அதே டிஸ்க்ல விண்டோஸ் 7 ஜோரா ஓடிட்டு இருந்துச்சு, அதை சொன்னதும் "எக்ஸ்பி வேற மாதிரி செக் பண்ணும்ங்க"ன்னு ஒரு பதில். கடைசில டிஸ்க் மாத்தாம, எல்லா சாட்டா டிரைவரும் உள்ள ரெடிமேட் சிடின்னு ஒன்னை போட்டு எக்ஸ்பி ஏத்தி குடுத்தாங்க. ஏறிச்சுதான், வேகமாவும் ஓடுச்சு. ஆனா டாங்கிள் டிரைவர் இன்ஸ்டால் ஆகல, சீரியல் போர்ட்டுக்கு போட்ட யுஎஸ்பி கன்வெர்ட்டரும் எடுக்கல. உள்ள போய் பார்த்தா சர்வீசஸ் லிஸ்ட்ல பாதி காணோம். சைஸை குறைக்கறேன்னு யாரோ விண்டோஸோட பாகங்களை வெட்டி எடுத்துட்டு பண்ணின சிடி அது, கூட என்னென்ன சேர்த்து வச்சிருக்காங்கன்னும் தெரியாது. தொழில் நடக்கற மிஷின்ல இந்த மாதிரி சிடியை தயவுசெஞ்சு போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் எது இல்லைங்கறதை வேலை நடுவுலதான் கண்டுபிடிப்பீங்க.

சரி, முறைப்படி செட்டப் ஆரம்பிக்கும்போது எஃப்6 அமுக்கி டிரைவரை தனியா குடுக்கலாம்னு பார்த்தா, எக்ஸ்பி செட்டப் அதை ஃப்ளாப்பில இருந்து மட்டும்தான் வாங்கும், பென் டிரைவ் குடுத்தா திரும்பி கூட பாக்காது. தெரிஞ்சவர்கிட்ட இரவல் வாங்கின யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை மாட்டி, எஃப்6, அப்புறம் எஸ் அமுக்கினா கண்ட்ரோலர் லிஸ்ட் அழகா வந்துச்சு, பார்ட்டிஷன் கூட காட்டுச்சு, ஃபார்மேட் ஆச்சு. ஃபைல் காப்பி பண்ண ஆரம்பிக்கும்போது "அந்த ஃப்ளாப்பியை ஏ டிரைவ்ல போடு"ன்னு மறுபடி கேக்குது, ஃப்ளாப்பி உள்ளேதான் இருக்கு, என்டர் அடிச்சா மறுபடி அதே கேள்வி. காரணம் என்னன்னா முதல் தடவை படிக்கறது பயாஸ் தயவுல, ரெண்டாவது தடவை படிக்கறது எக்ஸ்பியோட சொந்த டிரைவர்ல, அதுக்கு தெரிஞ்ச யுஎஸ்பி ஃப்ளாப்பி மாடல் ரொம்ப கொஞ்சம். ஃபார்மேட் ஆன டிஸ்க்கோட அங்கயே நின்னுட்டோம். ஃப்ளாப்பி டிரைவ் தேடி அலையறதுக்கு சிடிக்குள்ளயே டிரைவரை ஏத்திடறது மேல்.

டிரைவர் தேடறதுலயும் ஒரு சிக்கல். லேப்டாப் கம்பெனி வெப்சைட்ல விஸ்டா டிரைவர் மட்டும்தான் இருக்கு. இன்டெலோட மேட்ரிக்ஸ் ஸ்டோரேஜ் மேனேஜர் 8.9 எடுத்து வேற சிஸ்டத்துல டபுள் கிளிக் பண்ணினா "இந்த கம்ப்யூட்டர் குறைந்தபட்ச தகுதிக்கு வரல"ன்னு வெளிய தள்ளிடும். அதை இன்ஸ்டால் பண்ண வேண்டியதே இல்லை, கமாண்ட் பிராம்ட்ல அந்த ஃபைல் பேருக்கு பின்னாடி மைனஸ் ஏ, மைனஸ் பி (-a -p) போட்டு ஒரு ஃபோல்டர் பாதை குடுத்தா உள்ள இருக்கறதை மட்டும் பிரிச்சு குடுத்துடும். டிரைவர், டிரைவர்64ன்னு ரெண்டு ஃபோல்டர் வரும், சாதா எக்ஸ்பிக்கு 64 இல்லாததுதான் வேணும், ப்ராசஸர் 64 பிட்டா இருந்தாலும் சரி. ஃபோல்டர்ல டெக்ஸ்ட்செட்டப் டாட் ஓஇஎம் (txtsetup.oem)னு ஒரு ஃபைல் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. அது இல்லாத டிரைவர் பேக்கேஜ் விண்டோஸ் ஏறினதுக்கு அப்புறம் போடறதுக்குத்தான் ஆகும், செட்டப்போட ஆரம்ப கட்டத்துக்கு (நீல பின்னணில எழுத்து மட்டும் வர இடம்) உதவாது.

எல்லாத்துக்கும் முன்னாடி கண்ட்ரோலரோட ஐடி நம்பரை எடுத்துக்கங்க, இதை எங்கயும் யாரும் அழுத்தி சொல்ல மாட்டேங்கறாங்க. ஓடற விண்டோஸ் இருந்தா டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ கண்ட்ரோலர் பகுதிக்கு போய் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடி. விண்டோஸ் இல்லைன்னா லினக்ஸ் லைவ் சிடி போட்டு எல்எஸ்பிசிஐ கமாண்ட்ல மைனஸ் என்என். இதுல வந்தது வெண்டர் 8086, டிவைஸ் 2929. 8086ன்னா இன்டெல், 2929ன்னா ஐசிஹெச்9எம் ஏஹெச்சிஐ. ஐசிஹெச்8எம்னா 2829. ஸ்டிக்கர்ல போட்டிருக்கற மாடல் பேரை வச்சு டிரைவர் தேடாதீங்க, ஒரே மாடல் பேர்ல வேற வேற போர்டு வரும், ஆனா இந்த நம்பர் பொய் சொல்லாது. டிரைவர் ஃபோல்டர்ல இருக்கற ஐஏஏஹெச்சிஐ டாட் ஐஎன்எஃப் (iaahci.inf) ஃபைலை நோட்பேட்ல திறந்து உங்க நம்பரை தேடுங்க, இருந்தா அந்த பேக்கேஜ் உங்களுக்கு ஆகும், இல்லைன்னா வேற வெர்ஷன் பாக்கணும், வெர்ஷனுக்கு வெர்ஷன் இந்த லிஸ்ட் மாறும்.

அப்புறம் என்லைட் (nLite), விண்டோஸ் சிடிக்குள்ள டிரைவர் சேர்த்து புது சிடி பண்ற சாஃப்ட்வேர். எக்ஸ்பி சிடியை அப்படியே ஒரு ஃபோல்டர்ல காப்பி பண்ணி வச்சுக்கிட்டு, அதோட இன்னொரு காப்பில வேலை பண்ணுங்க, ஏற்கனவே நோண்டின ஃபோல்டர்ல மறுபடி மறுபடி டிரைவர் ஏத்தினா என்ன எரர் வரும்னு சொல்லவே முடியாது. சர்வீஸ் பேக் 3 சேர்த்தது ஒரு கிளிக்தான். டிரைவர்ஸ் பக்கத்துல ஐஎன்எஃப் ஃபைலை காட்டினதும் ஒரு சின்ன ஜன்னல் வரும், ரெகுலர் பிஎன்பியா (விண்டோஸ் ஏறினதுக்கு அப்புறம் போடறது) டெக்ஸ்ட்மோடான்னு (செட்டப்போட ஆரம்ப கட்டத்துக்கு). அங்க டெக்ஸ்ட்மோடுதான் எடுக்கணும், கீழ வர லிஸ்ட்ல உங்க கண்ட்ரோலரை செலக்ட் பண்ணணும், கண்ட்ரோல் கீ அமுக்கிக்கிட்டு ஒன்னுக்கு மேலயும் எடுக்கலாம். ஐசிஹெச்9எம்மோட ஐசிஹெச்8எம்மையும் சேர்த்து எடுத்தேன், ஏன்னு கீழ சொல்றேன். காம்பொனன்ட்ஸ் பக்கத்தை தொடவே தொடாதீங்க, கடைக்கார சிடி நாசமானது அந்த பக்கத்துலதான்.

முடிஞ்சதும் உடனே சிடி எழுதிடாம ஐ386 ஃபோல்டர்ல டெக்ஸ்ட்செட்டப் டாட் சிஃப் (txtsetup.sif)னு இருக்கும் பாருங்க, அதை நோட்பேட்ல திறந்து 2929னு தேடுங்க. ஹார்ட்வேர் ஐடி வரிசைல வெண்டர் 8086, டிவைஸ் 2929னு ஒரு வரி, அதுக்கு நேரா இன்டெல் டிரைவரோட பேரான ஐஏஸ்டார் (iaStor)னு இருந்துச்சு. அந்த ஒரு வரியை பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு, செட்டப் முதல்ல படிக்கறது இந்த ஃபைலைத்தான், இதுல உங்க நம்பர் இருந்தா பாதி கிணறு தாண்டியாச்சு.

மீதி பாதிக்கு, லேப்டாப்ல போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ண, வர்ச்சுவல் மிஷின் உருவாக்கற சாஃப்ட்வேரான வர்ச்சுவல்பாக்ஸ். அதுல எக்ஸ்பின்னு மிஷின் உருவாக்கினா டிஸ்க்கை ஐடிஇ கண்ட்ரோலர்லதான் மாட்டி வைக்கும், அப்படியே டெஸ்ட் பண்ணினா டிரைவர் ஏறாத சிடி கூட பாஸ் ஆயிடும், அந்த டெஸ்ட்டால ஒரு பிரயோஜனமும் இல்லை. டிஸ்க்கை அங்கிருந்து எடுத்துட்டு சாட்டா கண்ட்ரோலர்ல மாட்டணும், சிடியை மட்டும் ஐடிஇல விடணும். வர்ச்சுவல்பாக்ஸோட அந்த சாட்டா கண்ட்ரோலர் இன்டெல் ஐசிஹெச்8எம் மாதிரிதான் தன்னை காட்டிக்கும், ஐடி 2829. அதுக்குத்தான் ஐசிஹெச்8எம்மையும் சேர்த்தது. ஒரிஜினல் சிடியோட ஐஎஸ்ஓவை (மொத்த சிடியையும் ஒரே ஃபைலா ஆக்கினது) அதுல போட்டேன், லேப்டாப்ல வந்த அதே 7பி. என்லைட்ல பண்ணின புது ஐஎஸ்ஓ போட்டேன், டிஸ்க் தெரிஞ்சுது, காப்பி ஆகி ரீஸ்டார்ட் ஆகி டெஸ்க்டாப் வரைக்கும் போச்சு. டிஸ்க்ல எந்த கோளாறும் இல்லைங்கறதுக்கு இதை விட என்ன சாட்சி வேணும், அந்த கடைக்காரரை கூப்பிட்டு காட்டணும் போல இருந்துச்சு.

சிடி எழுதறதுல ஒரே ஒரு அடி. மார்க்கெட்ல இப்ப கிடைக்கற சிடிங்க தரம் ரொம்ப மோசம். லேப்டாப்ல காப்பி ஆகும்போது ஐஏஸ்டார் டாட் சிஸ் ஃபைல்லயே "காப்பி பண்ண முடியல"ன்னு நின்னுச்சு. மறுபடி முயற்சி பண்ண என்டர், விட்டுட்டு போக எஸ்கேப்னு கேக்கும். சித்தப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு "ஒரு ஃபைல்தானே கண்ணு, தாண்டி போயிடலாமே"ன்னார். தாண்டக்கூடாது, வேற எந்த ஃபைலை தாண்டினாலும் இதை தாண்டினா ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி 7பிதான், எல்லாம் சரியா பண்ணிட்டு டிரைவர் தப்புன்னு நினைச்சு முதல்ல இருந்து தேட ஆரம்பிச்சுடுவீங்க. அவர்கிட்ட அதை சொல்லிட்டு வெளிய வந்து, நல்ல பிராண்ட் சிடில ரொம்ப குறைஞ்ச ஸ்பீடு வச்சு எழுதினேன். அதுல ஒரு தடங்கலும் இல்லாம ஏறிடுச்சு. டாங்கிள் எடுத்துச்சு, யுஎஸ்பி சீரியல் எடுத்துச்சு, பாதில நின்னு போன டை ப்ரோக்ராமை முழுசா அனுப்பி வெட்டி முடிச்சார். "இதுக்கா கண்ணு டிஸ்க்க மாத்த சொன்னாங்க"ன்னு அவர் அதுக்கப்புறமும் கேட்டுட்டே இருக்கார்.

இதை பண்ண போறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். லேன், டிஸ்ப்ளே, சவுண்டுக்கும் எக்ஸ்பி டிரைவர் கிடைக்குதான்னு லேப்டாப் வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க, 2010க்கு அப்புறம் வந்த மாடல்ல அது பெரும்பாடு. அப்புறம் எல்லாம் ஓட ஆரம்பிச்ச உடனே, வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி, மொத்த டிஸ்க்கையும் ஒரு இமேஜ் எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போட்டு வைங்க, கூடவே அந்த ஐஎஸ்ஓ, பிரிச்சு எடுத்த டிரைவர் ஃபோல்டர், ஐடி நம்பர் எழுதின டெக்ஸ்ட் ஃபைல் மூணையும். பழைய டிரைவர் பேக்கேஜ் எல்லாத்தையும் கம்பெனிங்க ஒவ்வொன்னா தூக்கிட்டே இருக்காங்க, அடுத்த தடவை தேடும்போது இருக்கும்னு சொல்ல முடியாது.